மெயின்பிரேமில் ஐஎஸ்பிஎஃப் எடிற்றர்: கொக்குவிலில் இருந்து பாவித்த அனுபவம்

முதலே சொல்லிவிடுகிறேன். வங்கி போன்ற பெரிய இடங்கள் பாவிக்கிற ஐபிஎம் மெயின்பிரேம் என்ற பெரிய கணினியில் வேலைக்குச் சேருகிற பெடியள், பிள்ளையள் எல்லாரும் லப்டொப்பில் ஓடுகிற வி.எஸ். கோட் எடிற்றருக்கு ஓட முதல், ஒரு மாதமாவது மெயின்பிரேமுக்குள்ளேயே இருக்கிற ஐஎஸ்பிஎஃப் எடிற்றரோடு இருந்து பழகுங்கள். அதுவும் யாழ்ப்பாணத்தில் வீட்டு இன்ரநெட்டை நம்பி, கடல் தாண்டி எங்கேயோ ஓடுகிற மெஷினில் பைல் திருத்துகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடிற்றரை நான் இன்னும் காணவில்லை. குறைகள் இருக்கின்றன, சில என்னுடைய முழு நாள் வேலையைத் தின்றவை, அவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் இருப்பது கொக்குவிலில். 2021 இல் கொழும்பில் உள்ள ஒரு கொம்பனியில் சேர்ந்தேன், வெளிநாட்டு வங்கி ஒன்றின், கோபோல் என்ற பழைய மொழியில் எழுதிய புரோகிராம்களையும் இரவில் ஓடுகிற ஜொப் என்ற வேலைத்தொகுதிகளையும் பராமரிப்பதுதான் வேலை, கொரோனாக் காலம் என்பதால் தொடக்கத்தில் இருந்தே வீட்டில் இருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். கம்பஸில் ஜாவாவும் பைதனும் படித்தவனுக்குக் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வந்து நின்றபோது எங்கே தொடுவது என்றே விளங்கவில்லை. எழுத்து அடிக்கக் கூடாத இடத்தில் கேர்சரை வைத்து அடித்தால் கீபோர்ட் பூட்டிக்கொள்ளும், ரீசெற் கீ அமத்தினால்தான் திறக்கும். வரிக்கு நடுவில் ஒரு எழுத்தைச் செருகப் பார்த்தால் செருக விடாது, ஏனென்றால் வரியின் மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்களால் நிரம்பி இருக்கும். மேலே கொமாண்ட் வரியில் நல்ஸ் ஓன் என்று அடித்தால் அந்தக் கரைச்சல் தீரும் என்பதை நான் தெரிந்துகொள்ள ஒன்பது நாள் ஆனது. சேர்ந்த அன்றைக்கே ஒருவர் சொல்லித்தர வேண்டிய விஷயம் அது. (கொமாண்டுகளை இங்கே உச்சரிப்பை வைத்துத் தமிழில் எழுதுகிறேன், மெஷினில் ஆங்கில எழுத்துத்தான்.)

சரி, எடிற்றருக்கு வருவோம். ஐஎஸ்பிஎஃப் மெனுவில் 2 அடித்தாலும் போகலாம், 3.4 இல் டேற்றாசெற் (மெயின்பிரேமில் பைலுக்குச் சொல்லும் பெயர்) பட்டியலை எடுத்து, அதற்குள் இருக்கிற மெம்பர் என்ற தனிப் பைலுக்குப் பக்கத்தில் ஈ என்று போட்டாலும் போகலாம். திறந்ததும் ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கத்தில் ஆறு இலக்க வரி எண் தெரியும். இந்த எடிற்றரின் உயிர் அந்த ஆறு எழுத்து அகலமான இடத்தில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சீ.ஆர். கொப்பியில் சிவப்புப் பேனையால் மாஜின் அடிப்போம், அதற்குள் நாங்கள் எழுத மாட்டோம், ரீச்சர்தான் சரி, பிழை, புள்ளி எல்லாம் போடுவார். இங்கே நீங்களே ரீச்சர். வரி எண்ணுக்கு மேலேயே டீ என்று எழுதினால் அந்த வரி போய்விடும். ஐ என்றால் கீழே புதிய வரி, ஐ5 என்றால் ஐந்து வெறும் வரிகள். ஆர் என்றால் அதே வரி இன்னொருமுறை. ஒரு பந்தி முழுவதையும் எடுக்க வேண்டும் என்றால் தொடக்க வரியில் சீசீ, எஃப் 8 அமத்தி அமத்திக் கீழே போய் முடிவு வரியில் இன்னொரு சீசீ, எங்கே வேண்டுமோ அந்த வரியில் ஏ. இடையில் எவ்வளவு தூரம் போனாலும் அது மறக்காது, வலப்பக்க மூலையில் மூவ், கொப்பி இன்னும் முடியவில்லை என்று எழுதிவைத்துக் காத்துக்கொண்டிருக்கும்.

இதில் நான் மிகவும் விரும்புவது என்னவென்றால் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்யத் தேவையில்லை. ஒரே திரையில் மூன்று வரிக்கு டீ, இரண்டு வரிக்கு ஆர், ஒரு வரிக்கு ஐ, இடையில் நாலு வரியில் சொற்களையும் நேரடியாக மாற்றி, எல்லாம் சரிபார்த்துப்போட்டு ஒரே ஒரு என்ரர். முழுத்திரையும் ஒரு படிவம் மாதிரிப் போய்ச் சேருகிறது. இது தற்செயலாக வந்த வடிவம் கிடையாது. மெயின்பிரேமோடு பேசுகிற திரையும் கீபோர்ட்டுமான 3270 ரெர்மினல் 1971 இல் வந்தது, அதற்காக ஐபிஎம் எழுதிய எஸ்பிஎஃப் 1974 இல் வந்தது, அதுதான் பிறகு ஐஎஸ்பிஎஃப் ஆனது. அந்த ரெர்மினல் திரையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், என்ரரோ எஃப் கீயோ அமத்தும்வரை பெரிய மெஷினுக்கு நீங்கள் அடிப்பது தெரியவே தெரியாது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே மெஷினில் வேலை செய்யும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் அதைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற கணக்கு.

அந்தக் கணக்குத்தான் இன்றைக்கு எனக்கு உதவுகிறது. சாதாரண யூனிக்ஸ் சேர்வருக்குள் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு மூலம் போய் விஐ எடிற்றரில் அடிக்கும்போது, ஒவ்வொரு எழுத்தும் கடல் கடந்து போய்த் திரும்பி வந்தால்தான் திரையில் தெரியும். மாரி மழையில் சிக்னல் விழுந்தெழும்புகிற நாட்களில், அல்லது பின்னேரம் அயலில் எல்லாரும் படம் பார்க்கத் தொடங்கியபிறகு, ஒரு சொல்லை அடித்துப்போட்டு அது தோன்றும்வரை காத்திருப்பது எரிச்சல். 3270 எமியூலேற்றரில், அதாவது அந்த ரெர்மினலைப்போல நடிக்கிற புரோகிராமில், எழுத்து எங்கள் லப்டொப்பிலேயே நிற்கிறது, அதனால் அடிக்கிற வேகத்தில் ஒரு குறையும் இல்லை, என்ரர் அமத்தும்போது மட்டும் ஒரு போய்வருகை. வழமையான திரை 24 வரி, 80 எழுத்து, ஆக 1,920 எழுத்து. முப்பதாயிரம் வரியுள்ள ஒரு மெம்பரைத் திறந்தாலும் கம்பியால் வருவது அந்தத் திரைக்குரியது மட்டும்தான். வி.எஸ். கோடில், மெயின்பிரேம் பைல்களைத் திறக்க உதவுகிற சோவே எக்ஸ்புளோரர் என்ற சேர்க்கையைப் போட்டு அதே மெம்பரைத் திறந்தால் முழுவதும் இறங்கியாக வேண்டும், வரிக்கு 80 எழுத்து என்றால் 2.4 எம்பி, விபிஎன் உள்ளே டொங்கிளில் அது இறங்கும்வரை ஒரு பிளேன்ரீ குடித்துவிடலாம். சோவே நல்ல சாமான், இலவசம், நானும் பெரிய கோபோல் புரோகிராமை ஆறுதலாக வாசிக்க வேண்டும் என்றால் அதைத்தான் திறக்கிறேன். அவசரத்துக்கு இரண்டு வரி மாற்ற வேண்டுமென்றால் பச்சைத் திரைதான்.

இனி ஒரு வேலையைக் கிட்டவாகக் காட்டுகிறேன். ஒருமுறை 1,400 வரி வரும் ஒரு ஜேசிஎல்லில் (ஜொப்பை எப்படி ஓட்டுவது என்று மெஷினுக்குச் சொல்லும் கட்டளைப் பைல்), டேற்றாசெற் பெயர்கள் புரொட் என்று தொடங்குகிற இடமெல்லாம் ரெஸ்ற் என்று மாற்ற வேண்டும். ஆனால் குறிப்பு வரிகளில் உள்ள பழைய பெயர்கள் அப்படியே இருக்க வேண்டும், ஏனென்றால் எது எப்போது ஏன் மாறியது என்ற வரலாறு அங்கேதான் எழுதி இருக்கிறது. முழுவதையும் ஒரே அடியாக மாற்றும் கொமாண்ட் குறிப்புகளையும் கெடுத்துவிடும். நான் செய்தது இது. முதலில் எக்ஸ் ஓல். எல்லா வரியும் மறைந்து, இத்தனை வரி மறைந்திருக்கிறது என்று கோடு போட்ட ஒரே ஒரு வரி மட்டும் நிற்கும். பிறகு ஃபைண்ட் கொமாண்டில், டேற்றாசெற் பெயருக்கு முன்னால் வரும் டீஎஸ்என் சமன் என்பதைக் கொடுத்து ஓல் என்று முடித்தேன், அது உள்ள வரிகள் மட்டும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அதற்குள்ளும் குறிப்பு வரிகள் கலந்திருந்தன, அவை இரண்டு சாய்கோடும் ஒரு நட்சத்திரமுமாக முதலாம் கொலத்தில் தொடங்கும், ஆகவே முதலாம் கொலத்தில் அந்த மூன்று எழுத்தும் உள்ள வரிகளை எக்ஸ் கொமாண்டால் திரும்ப மறைத்தேன். மிஞ்சியதை இரண்டு திரையில் கண்ணாலேயே பார்த்து முடித்தேன். கடைசியாகச் சேஞ்ச் கொமாண்டை ஓல், என்எக்ஸ் என்று முடித்தேன். என்எக்ஸ் என்றால் மறையாத வரிகளில் மட்டும் மாற்று என்று அர்த்தம். மாறிய ஒவ்வொரு வரியின் மாஜினிலும் மாறியது என்ற அடையாளம் வந்து நின்றது. ரீசெற் அடித்தேன், மறைந்ததெல்லாம் திரும்பி வந்தது, குறிப்பில் ஒரு எழுத்துக்கூட அசையவில்லை. நாலு நிமிஷ வேலை. மாற்றுவதற்கு முதல் மாறப்போகிறவற்றை மட்டும் கண்முன்னால் வைத்துக்கொள்ள முடிகிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. வங்கிக் கணக்கோடு விளையாடுகிற பைல்களில் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற எனக்கு மனம் வராது.

ஹெக்ஸ் ஓன் என்பதையும் கட்டாயம் பழகுங்கள். ஒவ்வொரு வரியும் மூன்று வரியாக விரியும், மேலே எழுத்து, கீழே அதன் ஹெக்ஸ் குறியீட்டின் இரண்டு பாதியும் ஒன்றின் கீழ் ஒன்றாக. ஏ என்ற பெரிய எழுத்துக்குக் கீழே சீ, அதற்குக் கீழே 1, வெற்றிடத்துக்கு 4, 0. இது எழுத்தை எண்ணாகக் குறிக்கும் எப்சிடிக் என்ற மெயின்பிரேம் முறை, எங்கள் லப்டொப்பில் உள்ள ஆஸ்கி முறை கிடையாது. சதுர அடைப்புக்குறி அடித்தேன், புரோகிராம் ஏன் முறைக்கிறது என்று கேட்கிற புதியவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான். 037 என்ற எழுத்துத்தொகுதியில் திறக்கும் சதுர அடைப்பு பீஏ, 1047 இல் அது ஏடீ. எமியூலேற்றர் ஒன்றிலும், புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கொம்பைலர் இன்னொன்றிலும் இருந்தால் திரையில் சரியாகத் தெரியும், உள்ளே பிழையாக இருக்கும். ஹெக்ஸ் ஓன் அடித்தால் ஒரு பார்வையில் பிடித்துவிடலாம்.

இனிக் குறைகள்.

எஃப் 3 அமத்தினால் வெளியே வரும், வரும்போது சேமித்துவிட்டே வரும், ஒரு கேள்வியும் கேட்காது. சும்மா பார்க்கத் திறந்த பைலில் தெரியாமல் ஒரு எழுத்து மாறி இருந்தாலும் அதுவும் சேமிபடும். வேண்டாம் என்றால் கான்சல் அடித்துத்தான் வர வேண்டும். பார்க்க மட்டும் என்றால் ஈக்குப் பதிலாக வீ போட்டு வியூவில் திறவுங்கள், அல்லது ஓட்டோசேவ் ஓஃப் புரொம்ட் என்று வைத்துவிடுங்கள், அப்போது சேமிப்பதா விடுவதா என்று சொல்லாமல் உங்களை வெளியே விடாது. நான் எல்லா புரொஃபைலிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

புரொஃபைல் என்று சொன்னேன், அதுதான் எனக்கு விழுந்த பெரிய அடி. டேற்றாசெற் பெயரின் கடைசித் துண்டு எதுவோ, அதற்கேற்ற ஒரு புரொஃபைலை (எடிற்றர் எப்படி நடக்க வேண்டும் என்ற அமைப்புகளின் தொகுப்பு) எடிற்றர் தானாகவே எடுக்கும், ஜேசிஎல் என்று முடிந்தால் ஒன்று, கோபோல் என்று முடிந்தால் இன்னொன்று. அதில் காப்ஸ் ஓன் என்று இருந்தால் நீங்கள் சின்ன எழுத்தில் அடித்தாலும் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். பழைய ஜேசிஎல்லுக்கு அது நல்லது. ஒருநாள் மெயின்பிரேமின் யூனிக்ஸ் பக்கத்தில் உள்ள ஒரு பைலை வாசிக்கும் ஜொப் எழுதினேன், அங்கே சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. பாதையைச் சின்ன எழுத்தில் அடித்தேன், என்ரர் அமத்தியதும் அது பெரிய எழுத்தானதை நான் கவனிக்கவில்லை, பச்சைத் திரையில் எல்லாமே பெரிய எழுத்தாகப் பார்த்துப் பழகிய கண். ஜொப் விழுந்தது, பைல் இல்லை என்றது. பைல் இருக்கிறதே என்று நான் அனுமதிகளைத் தேடினேன், டிரெக்டரியைத் தேடினேன், பொறுப்பான ஆளுக்கு மெயில் போட்டு மறுநாள்வரை பார்த்திருந்தேன். காப்ஸ் ஓஃப் என்று அடித்து அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதியதும் ஓடியது. நம்பர் ஓன் என்பதிலும் இதேபோல ஒரு ஆபத்து உண்டு, 80 எழுத்து வரியில் 73 முதல் 80 வரைக்கும் வரிசை எண்ணை எழுதிவிடும், கோபோலுக்கும் ஜேசிஎல்லுக்கும் பரவாயில்லை, அந்த இடத்தில் உண்மையான தரவு இருக்கும் பைலுக்கு அது சாவுமணி. புதிய டேற்றாசெற்றைத் திறந்தவுடன் புரொஃபைல் என்று ஒருமுறை அடித்து மேலே வரும் வரிகளை வாசியுங்கள், பத்து செக்கன் போதும்.

அடுத்தது கரண்ட். 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், யாருக்கும் மறந்திருக்காது. லப்டொப்புக்குப் பற்றரி இருக்கும், ரவுட்டருக்கு இல்லை. நான் ஒரு பரகிராஃப் கோபோலை, கிட்டத்தட்ட முழுத்திரையையும், என்ரர் அமத்தாமல் அடித்துக்கொண்டே போனேன், கரண்ட் நின்றது, இணைப்பு அறுந்தது, திரையும் போனது. மேலே எதைப் பெருமையாகச் சொன்னேனோ அதன் மறுபக்கம் இது. என்ரர் அமத்தும்வரை எதுவும் மெஷினுக்குப் போகவில்லை, போகாததை எந்த மெஷினாலும் திருப்பித் தர முடியாது. அன்றிலிருந்து நாலைந்து வரிக்கு ஒருமுறை கை தானாக என்ரருக்குப் போகும். அதோடு ரிக்கவரி ஓன் என்று புரொஃபைலில் வையுங்கள், உங்கள் செஷன் இடையில் செத்தாலும் அடுத்தமுறை எடிற்றருக்குள் வரும்போது விட்ட இடத்தில் இருந்து எடுக்கட்டுமா என்று கேட்கும், தெரியாமல் செய்ததை அன்டூ பண்ணவும் அது இருந்தால் முடியும். கெதியாகத் திரும்ப இணைந்தால் லொகோன் திரையில் ரீகனெக்ட் என்பதற்குப் பக்கத்தில் எஸ் போடுங்கள், பலமுறை பழைய திரையே அப்படியே வந்து நின்றிருக்கிறது.

தமிழ் இல்லை. நான் வேலை செய்கிற அமைப்பில் ஒரு குறிப்பைக்கூடத் தமிழில் எழுத வழி இல்லை, எங்கேயோ இருந்து தமிழ்ப் பெயர் உள்ள வரியை ஒட்டினால் திரையில் குப்பைதான் வரும். இதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை. பெயர்களும் முகவரிகளும் நிறைந்த பைல்களை நாள் முழுக்கத் திருத்துகிறவனுக்குத் தன் பெயரைத் தன் எழுத்தில் போட முடியாமல் இருப்பது ஒவ்வொரு நாளும் உறுத்துகிறது.

ஐஎஸ்பிஎஃப்புக்கு முந்திய, ரீஎஸ்ஓ என்ற மெயின்பிரேம் கட்டளைச் சூழலின் எடிற் கொமாண்ட் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் அது ஒருமுறை எங்களைக் காப்பாற்றியது. ஒரு காலை லொகோன் செய்தால் ஐஎஸ்பிஎஃப் வரவில்லை, ரெடி என்ற ஒற்றைச் சொல்லோடு திரை நின்றது. லொகோன் ஆகும்போது ஓடுகிற சிறு புரோகிராமில் யாரோ செய்த மாற்றம் பிழைத்துவிட்டது, எங்கள் குழு முழுவதும் வெளியே. அதைத் திருத்த எடிற்றர் வேண்டும், எடிற்றருக்குப் போக அது திருந்த வேண்டும். ரொறன்ரோவில் இருக்கிற மாமா இந்தத் துறையிலேயே வேலை செய்து ஓய்வெடுத்தவர், அங்கே இரவு பதினொரு மணி, இன்னும் படுத்திருக்க மாட்டார் என்று எடுத்தேன். “ரெடி எண்டு நிக்குதோ தம்பி? அப்ப பயப்பிடாத, எடிற் எண்டு அடிச்சுப் பைலின்ர பேரைக் குடு, பிறகு லிஸ்ற் எண்டு அடி” என்றார். அடித்தேன், வரிகள் எண்ணோடு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. மாஜின் இல்லை, எஃப் 8 இல்லை. எந்த வரி என்று எண்ணைச் சொல்லி, சேஞ்ச் என்று அடித்து, பழையதையும் புதியதையும் சாய்கோட்டுக்கிடையில் கொடுத்தால் அந்த வரி மாறும். மாற்றிவிட்டு எண்ட் அடித்தேன். நீ இன்னும் சேமிக்கவில்லை, சேவா எண்டா என்று அது கேட்டது. எஃப் 3 கேட்காத கேள்வியை அந்தப் பழைய கொமாண்ட் கேட்டது எனக்குச் சரியாகப் பிடித்துப்போனது. சேவ் அடித்து, லொகோஃப் செய்து திரும்ப வந்தால் ஐஎஸ்பிஎஃப் வந்தது. நாளாந்தப் பாவனைக்கு அது சரிவராது, வரி வரியாகத்தான் உலகத்தைப் பார்க்க முடியும். ஆனால் லிஸ்ற், சேஞ்ச், சேவ், எண்ட் என்ற நாலையும் ஒரு துண்டில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்.

வேலை கிடைக்கும்வரை இதையெல்லாம் எங்கே தொட்டுப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: ஹேர்குலிஸ் என்ற இலவச எமியூலேற்றர் இருக்கிறது, றொஜர் பௌலர் என்பவர் 1999 இல் தொடக்கியது, சாதாரண லப்டொப்பில் ஒரு மெயின்பிரேமையே ஓட்டும். அதற்குள் போட, எழுபதுகளில் வந்த எம்விஎஸ் 3.8 என்ற மெயின்பிரேம் இயங்குதளத்தைத் தயார்நிலையில் கட்டிய ரீகே4 மைனஸ் என்ற பொதி கிடைக்கிறது. ஐபிஎம்மின் ஐஎஸ்பிஎஃப் அதில் இல்லை, ஆனால் அதேமாதிரி மாஜினும் அதேமாதிரி டீடீ, சீசீயும் உள்ள ஆர்எஃப்இ, ஆர்பிஎஃப் என்ற இரண்டு எடிற்றர்கள் உண்டு, கை பழக அவை போதும். உண்மையான புதிய மெஷினைத் தொட வேண்டுமென்றால் ஐபிஎம்மின் சீ எக்ஸ்புளோர் பயிற்சிக்குப் பதிந்து கொள்ளலாம், காசு இல்லை, ஆனால் அங்கே உங்களை வி.எஸ். கோட் வழியாகத்தான் உள்ளே கூட்டிப்போவார்கள். நான் என்றால் ஹேர்குலிஸில் தொடங்கச் சொல்வேன், ஒருமுறை இறக்கிவிட்டால் இன்ரநெட்டே தேவையில்லை, கரண்ட் நின்றாலும் பற்றரி இருக்கும்வரை ஓடும். திரைக்கான 3270 எமியூலேற்றரை உங்கள் சொந்த மெஷினின் 3270 என்ற போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள், ரெடி வந்ததும் முதலில் எடிற் கொமாண்டில் ஒரு பைல் திறந்து பத்து வரி அடியுங்கள், சேமிக்காமல் எண்ட் கொடுத்து அது கேட்கிற கேள்வியைப் பாருங்கள். பிறகு அதே பைலை ஆர்எஃப்இயில் திறந்து மாஜினில் ஒரு டீ போடுங்கள்.